'சஃப்ரேஜ்' என்றால் துன்பமா?

காத்தான்குடியில் ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தபோது, மஃரிப் தொழுகைக்குப் பின்னர் ராத்தாவின் மகள் கொப்பியும் பேனையுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ரியூசன் ஆசிரியை ஆங்கிலச் சொற்கள் 50 கொடுத்து, அர்த்தம் எழுதி வரும்படி சொல்லியிருந்தாராம்.

"சாச்சி, 'சஃபர்' எண்டா துன்பப்படுறது. அப்ப 'சஃப்ரேஜ்' எண்டா துன்பம்தானே?"

"இல்ல மகள். அது வோட்டுப் போடுற உரிமை" என்றேன்.

மூலையில் பாக்குவெட்டியும் வெற்றிலைத் தட்டமுமாக இருந்த உம்மா தலை நிமிராமலே, "அப்ப புள்ள சொன்னது சரிதான். துன்பம்தான்" என்றார்கள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பின்னரும் பிள்ளையின் கேள்வி என்னை விடவில்லை. ஒரு சொல்லின் கருத்தைச் சொல்லிக் கொடுப்பது எளிது. அது எங்கிருந்து வந்தது, ஏன் அந்தக் கருத்தைப் பெற்றது என்று கேட்டால்தான் நாம் தடுமாறுகிறோம். வீடு திரும்பியதும் அகராதிகளைப் புரட்டினேன். அங்கே கண்டது, வாசக சகோதரிகளே, நான் எதிர்பார்த்ததைவிட நமக்கு மிக நெருக்கமான ஒரு கதை.

முதலில் பிள்ளையின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். 'சஃபர்' வேறு, 'சஃப்ரேஜ்' வேறு. இரண்டும் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவைதான் என்றாலும் தாயும் தகப்பனும் வேறு வேறு. துன்பத்தைக் குறிக்கும் சொல், 'சுமத்தல்' என்ற கருத்துள்ள வேரில் பிறந்தது. 'சஃப்ரேஜ்' பிறந்தது 'சுஃப்ராகியம்' என்ற சொல்லிலிருந்து. பண்டைய ரோமாபுரியில் அதற்கு ஆதரவு என்று பொருள். ஒருவருக்காக நாம் கொடுக்கும் துணை, அவருக்காக இடும் வாக்கு, வாக்கிடும் உரிமை ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லால் குறித்தார்கள்.

அந்த இலத்தீன் சொல்லுக்கு என்ன வேர் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கூட்டத்தினர் ஒரு பெயரைக் கேட்டதும் "ஆம், ஆம்" என்று எழுப்பும் ஆரவாரம் என்பது ஒரு விளக்கம். உடைந்த ஓட்டுத் துண்டு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடம் உண்டு. கிரேக்கத்து ஏதென்ஸ் நகரில், ஊரைவிட்டு நீக்கப்பட வேண்டியவரின் பெயரை ஓட்டுத் துண்டில் கீறிப் போட்டார்கள். ரோமாபுரியிலோ நெடுங்காலம் வாக்கு வாயால்தான் சொல்லப்பட்டது. கி.மு. 139இல் வந்த ஒரு சட்டத்தின் பின்னர்தான் பதவிகளுக்கான தேர்தலில் பலகைத் துண்டில் எழுதி இரகசியமாகப் போடும் முறை ஏற்பட்டது. செல்வந்தர்களின் கண்ணெதிரே வாய் திறந்து சொல்வதற்கு ஏழைகள் அஞ்சினார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. இந்த இரகசியம் என்ற விடயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

நமது தமிழையும் பாருங்கள். வாக்கு என்றால் பேச்சு. வாக்குக் கொடுத்தான் என்றால் உறுதி சொன்னான் என்று கருத்து. அதே சொல்லைத்தான் தேர்தலுக்கும் எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்து 'வோட்' என்பதன் இலத்தீன் மூலமோ நேர்ச்சை, வேண்டுதல் என்ற கருத்துடையது. 'பலட்' என்பது சிறு உருண்டை. இத்தாலியர் பெட்டிக்குள் உருண்டை போட்டுத் தெரிவு செய்ததால் வந்த பெயர். வேட்பாளரைக் குறிக்கும் 'கண்டிடேட்' என்ற சொல்லுக்கு வெள்ளை உடுத்தவர் என்று பொருள். ரோமாபுரியில் பதவி கேட்டு வருவோர் மேலங்கியைச் சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிக்கொண்டு வருவார்களாம். நம் நாட்டு அரசியல்வாதிகள் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த நிறத்தை மட்டும் கைவிடவில்லை.

பரிந்துரை என்ற பழைய கருத்து

நான் வியந்து போனது இனிச் சொல்லப்போவதைக் கண்டுதான். 'சஃப்ரேஜ்' என்ற சொல் 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு வாக்கு என்ற கருத்தே இருக்கவில்லை. பிறருக்காக இறைவனிடம் கேட்கும் பிரார்த்தனை என்பதே அதன் முதற் பொருள். உயிரோடிருப்பவருக்காகவோ மரணித்தவருக்காகவோ பரிந்து கேட்பது. இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனைகளில் சிலவற்றுக்கு இன்றும் அந்தப் பெயர் உண்டு. 16ஆம் நூற்றாண்டில்தான் அது வாக்கு என்ற கருத்தைப் பெற்றது. வாக்குரிமை என்ற பொருளில் 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பில் இடம்பெற்றது.

பரிந்துரை என்றதும் உங்களுக்கு என்ன சொல் நினைவுக்கு வருகிறது? ஷஃபாஅத் அல்லவா?

'மஆரிஃபுல் குர்ஆன்' தப்ஸீரை எழுதிய பாகிஸ்தானின் முப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள், வாக்களிப்பதைப் பற்றி எழுதுகையில் அதற்கு மூன்று தன்மைகள் உண்டு என்கிறார்கள். ஒன்று ஷஹாதத். இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நாம் சொல்லும் சாட்சியம். இரண்டு ஷஃபாஅத். இவரை அந்த இடத்தில் அமர்த்துங்கள் என்று செய்யும் பரிந்துரை. மூன்று வகாலத். நம் காரியத்தைப் பார்க்க ஒருவரைப் பிரதிநிதியாக நியமித்தல். நல்லதற்குப் பரிந்துரைப்பவருக்கு அதில் ஒரு பங்கும், தீயதற்குப் பரிந்துரைப்பவருக்கு அதில் ஒரு பங்கும் உண்டு என்று சூரா அந்நிஸாவின் 85ஆம் வசனம் உணர்த்துவதை இதனோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முன்னாளில் ஐரோப்பியப் பாதிரிமார் பயன்படுத்திய ஒரு சொல்லின் கருத்தும், நமது முப்தி ஒருவர் வாக்குக்குக் கொடுத்த விளக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தீர்களா?

சாட்சியம் என்று வைத்துக்கொண்டால் காரியம் பாரதூரமானது. பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்பது நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ். அடுத்த வீட்டுக் காணிச் சண்டையில் நாம் காணாததைக் கண்டதாகச் சொல்லும்படி கணவர் கேட்டால் சொல்லமாட்டோம். வாக்குச் சீட்டில் மட்டும் யாரென்றே அறியாத ஒருவருக்கு, சொன்னார்கள் என்பதற்காகப் புள்ளடி போட்டுவிட்டு வருகிறோம்.

பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு வரலாறே பதில் சொல்கிறது. கி.பி. 622இல் நடந்த இரண்டாவது அகபா உடன்படிக்கையில் 73 ஆண்களோடு நுஸைபா பின்த் கஅப் (ரழி), அஸ்மா பின்த் அம்ர் (ரழி) என்ற இரு பெண்களும் பைஅத் செய்தார்கள். பெண்களின் பைஅத் பற்றி சூரா அல்-மும்தஹினாவின் 12ஆம் வசனம் பேசுகிறது. நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் கைபிடித்து பைஅத் பெற்றதில்லை, வாய்மொழியாலேயே பெற்றார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதாவது அந்தப் பெண்கள் கொடுத்தது வாக்கு. சொல்லின் நேர்ப் பொருளிலேயே வாக்கு. உமர் (ரழி) அவர்களுக்குப் பின்னர் கலீபாவைத் தெரிவுசெய்ய 6 பேர் கொண்ட குழு கூடியபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மூன்று நாட்கள் மதீனா மக்களின் கருத்தைக் கேட்டுத் திரிந்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்த பெண்களின் கருத்தையும் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார்கள். வந்தவர் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை.

1931இல் நம் வாசலுக்கு வந்தது

நம் நாட்டுக்கு இந்த உரிமை வந்த கதை, பாடசாலைப் புத்தகத்தில் ஒரு பந்தியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னர் இலங்கை மக்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. சொத்து வேண்டும், வருமானம் வேண்டும், படிப்பு வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்றை அமைத்து, ஆணைக்குழு முன்னிலையில் போய்ச் சாட்சியம் அளித்தவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளிப் பெண்களுக்கும் வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் கேட்டபோது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்று அவர் பதில் சொன்னார். கொழும்பின் வசதியான சீமாட்டி ஒருவர் தனக்கு மட்டும் கேட்டுக்கொண்டு எழும்பி வந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

நம் தமிழ்த் தலைவர்களில் மூத்தவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை தருவதைக் கடுமையாக எதிர்த்தார். ஆணைக்குழு 21 வயது ஆண்களுக்கும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கும் கொடுக்கலாம் என்றது. சட்டம் வரும்போது அந்த வேறுபாடு நீங்கி, இருபாலாருக்கும் 21 என்று ஆனது. 1931 ஜூனில் சர்வஜன வாக்குரிமையின் கீழ் முதல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. பிரித்தானியாவில் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்றதே 1928இல்தான். பிரான்சில் 1944. சுவிட்சர்லாந்தில் 1971. சோனகத் தெருவிலும் செம்படவர் குடிசையிலும் இருந்த நம் பாட்டிமார், பாரிஸ் நகரத்துப் பெண்களை முந்திக்கொண்டார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி கேட்டதால் குடாநாட்டின் 4 தொகுதிகளில் தேர்தலே நடக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. கிழக்கு அந்தப் பகிஷ்கரிப்பில் சேரவில்லை.

முஸ்லிம்களுக்கு அந்தத் தேர்தலில் ஒரு பெரும் அச்சம் இருந்தது. 1924இன் சட்டசபையில் முஸ்லிம்களுக்கென 3 ஆசனங்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. டொனமூர் திட்டம் இனவாரி ஆசனங்களை ஒழித்தது. இனி யார் வெல்வது? நாடு முழுவதிலும் தேர்தலில் வென்று சபைக்குப் போன முஸ்லிம் ஒரே ஒருவர்தான். அவர் காலியின் இரத்தினக் கல் வர்த்தகக் குடும்பத்தைச் சேர்ந்த முஹம்மத் மாக்கான் மாக்கார். வென்ற இடம் காலியுமல்ல, கொழும்புமல்ல. மட்டக்களப்புத் தெற்கு. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அந்நாளில் இந்தக் கரையோரமெல்லாம் மட்டக்களப்புதான். அவர் போக்குவரத்து, பொது வேலைகள் அமைச்சரும் ஆனார். 1936இல் நடந்த அடுத்த தேர்தலில் எந்தத் தொகுதியிலும் ஒரு முஸ்லிம்கூடத் தெரிவாகவில்லை.

இதை நான் ஏன் விரித்துச் சொல்கிறேன்? தனி ஆசனம் போனபின் ஒரு சமூகத்தின் பலம் தலைக் கணக்கில் தங்கிவிட்டது. தலைக் கணக்கு என்றால் அதில் பாதி பெண்கள். இந்த வாவிக் கரையில் ஓர் ஊரின் பெண்களை வீட்டில் இருத்திவிட்டால், அந்த ஊரின் பலம் சரிபாதியாகிவிடும் என்பது வேட்பாளர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பெண்ணைக் கடைத்தெருவுக்குப் போகவிடாத வீடும் வாக்களிப்பு நிலையத்துக்கு அனுப்பிவைத்தது. அந்த அளவுக்கு நாம் வேண்டப்பட்டவர்களாக இருந்தோம். நம்முடைய எண்ணம் வேண்டப்பட்டதா என்பது வேறு கேள்வி.

குடியும் வீடும் பெண் வழி

ஏறாவூரிலிருந்து கல்முனை வரை நீளும் இந்த வாவியின் ஓரத்து ஊர்களுக்கு வெளியூர்ச் சகோதரிகள் வந்தால் சில வழமைகளைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இங்கே குடி என்பது தாய்வழி. பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்வோம், வாப்பாவின் குடியை அல்ல. கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்படும். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்கொருவராக மரைக்கார்மார் தெரிவாகும் வழமை இந்த ஊர்களில் தலைமுறைகளாக இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மரைக்காருக்கு அந்த இடம் கிடைப்பது அவருடைய குடியினால். குடி அவருக்குக் கிடைப்பது அவரைப் பெற்றவளினால். ஆதரவின் வேர் பெண்ணிடம் இருக்கிறது; அந்த ஆதரவை யாருக்குக் கொடுப்பது என்று பேசும் திண்ணையில் அவள் இல்லை. வீடு அவளுடையது. வாக்காளர் இடாப்புப் படிவம் அந்த வீட்டுக்கு வரும்போது அதை நிரப்புவது பெரும்பாலும் மாப்பிள்ளை.

பொதுப் பதவிகளில் கதை மெதுவாகத்தான் நகர்ந்தது. கள்ளிக்கோட்டையிலிருந்து மணமுடித்து வந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூப் அவர்கள் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகிப் பிரதி மேயராகவும் ஆனார்கள். நம் கரையிலோ 2000ஆம் ஆண்டில்தான் பேரியல் அஷ்ரஃப் அவர்கள் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார்கள், கணவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் ஹெலிகொப்டர் விபத்தில் மௌத்தாகிய அடுத்த மாதம். உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கென்ற சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2018 பெப்ரவரித் தேர்தலில். அதுவரை அந்தச் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். 2024இல் தெரிவான பாராளுமன்றத்தின் 225 பேரில் பெண்கள் பத்திலொரு பங்கைத் தொடவில்லை.

வாக்கு இருந்தும் போடமுடியாத பெண்கள் வேறு இருக்கிறார்கள். வாவிக் கரையின் எத்தனையோ வீடுகளிலிருந்து சகோதரிகள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போயிருக்கிறார்கள். 2024இன் ஜனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் அங்கிருந்தபடி வாக்களிக்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நாட்டுக்கு டொலர் அனுப்புகிறவள் நாட்டின் காரியத்தில் சாட்சி சொல்ல முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் ராத்தா வீட்டுக்குப் போனேன். ரோமாபுரிக் கதையையும் ஷஃபாஅத்தையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆதரவு, பரிந்துரை, வாக்கு, வாக்குரிமை என்று நான்கு அர்த்தங்களையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பி, "உம்மம்மா, நீங்க ஆருக்கு வோட்டுப் போட்ட?" என்று கேட்டாள்.

உம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. "எனக்கென்னடி மகள் தெரியும்? முதல்ல உங்கட மூத்தப்பா சொன்ன ஆளுக்குப் போட்ட. அவர் மௌத்தான மறுகா மாமா சொல்ற ஆளுக்குப் போடுற" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாப்பா அரசியலில் ஊறியவர். தேர்தலுக்கு முந்திய இரவில் உம்மாவை உட்காரவைத்துச் சின்னத்தைக் காட்டிப் பாடம் எடுப்பதை நாங்கள் சிறுவயதில் பார்த்திருக்கிறோம்.

சற்று நேரம் பாக்கு வெட்டிக்கொண்டிருந்துவிட்டு உம்மா சொன்னார்கள்: "ஆனா 1965ல எனக்கு ரெண்டு வோட்டு."

பிள்ளை நம்பவில்லை. ஆனால் அது உண்மைதான். 1960இலிருந்து 1977 வரை மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் தொகுதியில் இரு தரப்புக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே போடலாம், இரண்டு பேருக்குப் பிரித்தும் போடலாம். உம்மா முதன்முதலாக வாக்களித்தது அந்தத் தேர்தலில்தான். கலியாணமான புதிது.

"உங்கட மூத்தப்பா ரெண்டையும் ஒரே ஆளுக்குப் போடச் சொன்னவர். நான் ஒண்ட அவர் சொன்ன ஆளுக்குப் போட்ட. அவர்ர சொல்லையும் மீறல்ல. மற்றத நான் நினைச்ச ஆளுக்குப் போட்ட."

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடம். அந்த மனிதருக்குக் கடைசிவரை இது தெரியாது.

"மற்ற வோட்டு ஆருக்கு உம்மம்மா?" என்று பிள்ளை கிட்டப் போய்க் கேட்டாள்.

உம்மா பாக்குவெட்டியை மடித்துத் தட்டத்தில் வைத்தார்கள்.

"அது ரகசிய வோட்டு மகள்."